நங்கூரம் போட்டாயிற்று, பிடித்ததா? சின்னப் பாய்மரப் படகுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் சொந்தமாகச் சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாய் ஏற்றவும், காற்றுப் பார்க்கவும், அலையைத் தாண்டி வெளியே போகவும் எல்லோரும் ஆசையாகக் கற்றுக்கொள்கிறார்கள். நங்கூரம் மட்டும் பலகைக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கும். ஒருநாள் தேவைப்படும், தூக்கிப் போடுவார்கள், அதற்குப் பிறகுதான் கேள்விகள் வரும். அப்படி என்னிடம் வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. கணக்கெல்லாம் என் படகை வைத்துச் சொல்கிறேன்: 19 அடி ஃபைபர் உடல், இரண்டு பாய், பின்னால் 5 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். பாதி விஷயம் தேவனாம்பட்டினத்து மீனவர்களிடம் கேட்டது. மீதி அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

நல்ல கனமான நங்கூரமாக வாங்கிவிட்டால் போதும்தானே?

போதாது. இந்த ஒரு நினைப்புதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். சின்னப் படகின் நங்கூரம் கனத்தால் பிடிப்பதில்லை, மண்ணுக்குள் புதைந்து பிடிக்கிறது. புதைய வேண்டுமென்றால் கயிறு அதைக் கிட்டத்தட்ட தரையோடு தரையாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் எந்த நங்கூரமும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நாமே நங்கூரத்தை எடுக்கும்போது செய்வது அதைத்தானே? கயிற்றைச் சுருக்கி, படகை நேர் மேலே கொண்டுவந்து, செங்குத்தாகத் தூக்குகிறோம். கயிறு குறைவாக விட்டுவிட்டு நிற்பவர், தெரியாமலேயே நங்கூரத்தைத் தூக்கும் வேலையைப் பாதி முடித்து வைத்திருக்கிறார்.

6 மீட்டர் படகுக்கு 5 முதல் 7 கிலோ நல்ல நங்கூரம், சரியான நீளத்தில் கயிறு. இது, 15 கிலோ இரும்புக் கட்டியை நேர் கீழே தொங்கவிடுவதைவிடப் பல மடங்கு பிடிக்கும்.

எந்த வகை நங்கூரம் நம்ம கடலுக்கு? பட்டறையில் அடித்துத் தரும் கம்பி நங்கூரம் ஆகாதா?

நாலைந்து கம்பியை வளைத்துப் பற்றவைத்துத் தருகிறார்களே, அது கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டிக்கு அண்ணன். கல்லில், பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டிக்கொள்ள அதுபோல் வேறொன்று இல்லை. மீன் பிடிக்கப் பார் தேடிப் போகிறவர்கள் அதை வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. மணலிலும் சேற்றிலும் அது வெறுமனே கோடு கிழிக்கும், சீப்பால் தலை வாருகிற மாதிரி.

நம் கரையோரம் பெரும்பாலும் மணல், ஆற்று முகங்களை ஒட்டிச் சேறு. இரண்டிலும் டேன்ஃபோர்த் வகை, அதாவது அகலமான இரண்டு தகடு கீல் போட்டு மடங்குகிற தட்டை நங்கூரம், எடைக்கு எடை மிக நன்றாகப் பிடிக்கும். மடக்கி வைத்தால் இடமும் அடைக்காது. அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இழுக்கும் திசை தலைகீழாக மாறினால் பிடுங்கிக்கொண்டு புரளும். புரண்டபின் தகடுகளுக்கு நடுவே சிப்பியோ கயிறோ சிக்கினால் மறுபடி புதையாது. நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை, கீழே தனிக் கேள்வியாகவே வருகிறது.

ஏர்க்கொழு வடிவ நங்கூரங்களும் உண்டு. அந்தக் குடும்பத்தின் மூத்தது சி.க்யூ.ஆர். இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் 1933-ல் வடிவமைத்தது. திசை மாறினால் இவை ஓரளவு கூடவே திரும்பும். இப்போது வருகிற ராக்னா, ஸ்பேட் போன்ற புது வகைகள் பிடுங்கினாலும் சீக்கிரம் மறுபடி புதையும். விலை கடிக்கும். கையில் காசிருந்தால் அதில் ஒன்று, இல்லையென்றால் டேன்ஃபோர்த்தும் கவனமும். கம்பி நங்கூரத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறே போதாதா? சங்கிலி எதற்கு?

இரண்டு காரணம். நங்கூரத்தின் காம்பைச் சங்கிலி தரையோடு அழுத்தி வைக்கும். சிப்பியிலும் கல்லிலும் உரசும் பகுதி கயிறாக இருந்தால் ஒரே இரவில் நார் நாராகிவிடும், சங்கிலி தாங்கும். குறைந்தது படகின் நீளமாவது வேண்டும். என் படகில் 8 மில்லிமீட்டர் சங்கிலி 6 மீட்டர். மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ வரும், தூக்கிப் பார்த்தால் தெரியும்.

சங்கிலியையும் நங்கூரத்தையும் இணைக்கும் ஷாக்கிளின் மரையாணியைச் சன்னக் கம்பியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். அலையில் ஆடி ஆடி மரை தானாகக் கழலும். கழன்று நங்கூரம் கடலோடு போனபின் மேலே வருவது வெறும் சங்கிலிதான்.

கடையில் நீலக் கயிறு, பச்சைக் கயிறு எல்லாம் மலிவாகக் கிடைக்கிறதே?

கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் அந்தப் பளபளப்பான கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அது மிதக்கும், அதிகம் நீளாது, வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். மிதக்கிற கயிறு தொய்ந்தால் தண்ணீர் மேலேயே பாம்பு மாதிரி கிடக்கும். பக்கத்தில் போகிற ஃபைபர் படகின் விசிறியில் சிக்கினால் உங்கள் நங்கூரம், அவர் எஞ்சின், இரண்டு பேர் நிம்மதி எல்லாம் போகும்.

கேட்டு வாங்க வேண்டியது நைலான், மூன்று புரிக் கயிறு, 10 அல்லது 12 மில்லிமீட்டர். நைலான் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அலை படகைத் தூக்கி அடிக்கும்போது அந்த உதறலைக் கயிறே வாங்கிக்கொள்ளும், நங்கூரம் வரை போகவிடாது. கடைக்காரர் "நைலான்தான் சார்" என்று சொன்னாலும், ஒரு விரல் நீளம் வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் வாங்குங்கள், மிதந்தால் வைத்துவிடுங்கள். நான் இதைச் செய்தபோது கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. துண்டு மிதந்தது.

இன்னொன்று, கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டிவைத்துவிட்டு நங்கூரத்தைத் தொடுங்கள். சிரிக்காதீர்கள். முழுக் கயிறும் சரசரவென்று ஓடி, கடைசி முனை டாட்டா காட்டிவிட்டுப் போவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு கயிறு விடவேண்டும்?

ஆழத்துக்கு ஏழு மடங்கு. காற்று மெதுவாக இருந்து, ஆட்கள் படகிலேயே விழித்திருந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதாக இருந்தால் நாலு மடங்கு போதும். காற்று எகிறினால் பத்து. முழுக்கச் சங்கிலியே வைத்திருப்பவர்கள் ஐந்து மடங்கில் நிற்பார்கள், ஆனால் 19 அடிப் படகின் முகப்பில் அவ்வளவு சங்கிலியை ஏற்றினால் மூக்கு தண்ணீரில் புதையும்.

ஆழம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் தப்பு நடக்கும். தண்ணீர் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் ஏற்ற இறக்கம் குறைவு, பௌர்ணமி அமாவாசையிலும் ஒரு மீட்டருக்குள்தான், இருந்தாலும் அந்த ஒரு மீட்டரைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் மட்டத்திலிருந்து அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறு வெளியேறும் இடம் வரை இன்னொரு மீட்டர். ஆக 6. ஏழால் பெருக்கினால் 42 மீட்டர். வெறும் 4-ஐப் பெருக்கியவர் 28 மீட்டர் விட்டுவிட்டு ஏழு மடங்கு விட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். நிஜத்தில் அது ஐந்துக்கும் கீழே.

ஏழு மடங்கு விட்டு, கயிறு விறைத்து நின்றால் தரையோடு 8 பாகை கோணம் வரும். மூன்று மடங்கில் அது 19 பாகைக்கு மேல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகை அது தள்ளும் விசை நாலு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், பத்து மடங்கு எதற்கென்று புரியும்.

மீனவர்கள் மீட்டரில் பேசமாட்டார்கள், பாகத்தில் பேசுவார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம், சுமார் 6 அடி. 42 மீட்டர் என்பது 23 பாகம். நான் கயிற்றில் ஐந்து பாகத்துக்கு ஒரு துணித் துண்டைப் புரிக்குள் செருகித் தைத்திருக்கிறேன், ஐந்துக்கு ஒன்று, பத்துக்கு இரண்டு என்று. இருட்டில் விரலே எண்ணிக்கொள்ளும்.

எந்த இடத்தில் போடலாம்? மறைவான இடம் ஏதாவது உண்டா?

இயற்கையான மறைவு இல்லை. புதுச்சேரியும் கடலூரும் திறந்த கடற்கரை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கும் ஆளும் சலங்கு என்கிற தைத்த படகில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். கடலில் நீளும் இரும்புப் பாலம் 1866-ல்தான் வந்தது. அதையும் 1952 புயல் கொண்டுபோனது.

அதனால் இடம் தேடும்போது கேட்க வேண்டியது, காற்று திரும்பினால் எனக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதே. அலை உடையும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். அலையின் உயரத்தைப்போல ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை உடையும் என்பது தோராயக் கணக்கு. இன்று ஒரு மீட்டர் அலை என்றால் நாளை இரண்டு மீட்டர் வரலாம், உடையும் இடமும் கடல் பக்கம் நகரும்.

புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்தில், அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் வாயில், குறுக்கே நிற்காதீர்கள். மணல் மேடிட்டு வழி குறுகிக் கிடக்கும் காலத்தில் விசைப்படகுகளுக்கே அங்கே இடம் போதாது. தலைமைச் செயலகத்துக்கு நேரே கடலுக்குள் 2018-ல் இறக்கிய எஃகுத் திட்டு இருக்கிறது, கரையில் மணல் சேர்ப்பதற்காகப் போட்டது. அதன் பக்கமே போகவேண்டாம். வலை மிதவைகள் தெரியும் இடத்தில் நங்கூரம் போட்டால் வலைக்காரரிடம் திட்டு வாங்குவீர்கள், வாங்கவும் வேண்டும்.

அடியில் மணலா சேறா பாரா என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி. ஈயக்குண்டின் அடியில் ஒரு சின்னக் குழி போட்டு, துணி சோப்பை அழுத்தி அடைத்து, நூலில் கட்டி இறக்குங்கள். மேலே எடுத்தால் சோப்பில் அடிமண் ஒட்டிக்கொண்டிருக்கும். மணல் என்றால் குறுகுறுவென்று பதிந்திருக்கும். கருப்புச் சேறு என்றால் நாற்றமே சொல்லிவிடும். எதுவும் ஒட்டாமல் சோப்பில் வெட்டுக்காயம் மட்டும் இருந்தால் பார், வேறு இடம் பாருங்கள். ஆழமும் அதே நூலில் தெரிந்துவிடும்.

சரி, போடுவது எப்படி?

எறியாதீர்கள். சினிமாவில் எறிவார்கள். எறிந்தால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே சுருண்டு விழுந்து தகட்டைச் சுற்றிக்கொள்ளும்.

முன்பாயை முன்பே இறக்கிக் கட்டிவிடுங்கள், அணியத்தில் வேலை செய்ய இடம் வேண்டும். கயிற்றைத் தளத்தில் நீள மடிப்புகளாகப் போட்டு வையுங்கள், அந்த மடிப்புக்குள் உங்கள் கால் இருக்கக்கூடாது. காற்றுக்கு எதிராக மெதுவாக வாருங்கள். நீரோட்டம் வலுவாக இருக்கும் நாளில் அதற்கு எதிராக. எது வலுவென்று சந்தேகம் இருந்தால் பக்கத்தில் நங்கூரத்தில் நிற்கும் படகின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்.

படகு நின்று, பின்னால் போகத் தொடங்கும் அந்தக் கணம்தான் நேரம். நங்கூரத்தைக் கையால் இறக்குங்கள். தரையைத் தொட்டதும் கயிறு கையில் லேசாகும். படகு பின்வாங்க வாங்கக் கயிற்றை விட்டுக்கொண்டே போங்கள், குவியலாக இல்லாமல் தரையில் நீளமாகப் படியும்படி. மூன்று மடங்கு போனதும் அணியத்தில் கயிறு கட்டும் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு மெதுவாகப் பிடியுங்கள். நங்கூரம் முகம் திருப்பி மண்ணைக் கவ்வ ஆரம்பிக்கும். பிறகு மீதியை ஏழு மடங்கு வரை விட்டுக் கட்டுங்கள்.

இதோடு நிறுத்திவிடுகிறார்கள், தப்பு அங்கேதான். போட்டது வேறு, பதித்தது வேறு. எஞ்சினை ரிவர்ஸில் மெதுவாக வைத்து, கயிறு விறைத்தபின் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அரை நிமிடம் இழுங்கள். சேறாக இருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து இழுங்கள், நங்கூரம் தன் எடையிலேயே கொஞ்சம் அமிழட்டும். எடுத்த எடுப்பில் முழு வேகம் கொடுத்தால் சேற்றில் வழுக்கிக்கொண்டு வரும்.

என்னிடம் எஞ்சினே இல்லையே?

பெரிய பாயை வைத்தே செய்யலாம். நங்கூரம் இறங்கியதும் பூமை, அதாவது பாயின் அடியில் கிடக்கும் குறுக்குக் கழியை, கையால் ஒரு பக்கமாக வெளியே தள்ளிப் பிடியுங்கள். காற்று பாயின் முன்முகத்தில் அடித்துப் படகைப் பின்னால் தள்ளும். சுக்கானை நேராகப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால் நல்லது. எஞ்சின் அளவுக்கு இழுவை வராது, அதனால் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

பிடித்துவிட்டது என்று எப்படி உறுதியாகத் தெரியும்?

கை, கண், இரண்டும் வேண்டும்.

அணியத்துக்கு வெளியே கயிற்றில் உள்ளங்கையை வையுங்கள். பிடித்த நங்கூரத்தின் கயிறு மெல்ல இறுகும், மெல்லத் தளரும், மூச்சு விடுகிற மாதிரி. இழுபடுகிற நங்கூரம் கயிற்றில் கடகடவென்று ஒரு நடுக்கத்தை அனுப்பும். மாட்டுவண்டி சரளைக்கல்லில் போகும்போது நுகத்தடியில் கை வைத்தால் வருமே, அந்த நடுக்கம். ஒரு தடவை உணர்ந்தால் மறக்காது.

கண்ணுக்கு, கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளம் பிடியுங்கள். புதுச்சேரிக்கு எதிரே நின்றால் கடற்கரைச் சாலையில் 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஏதாவது ஒரு கட்டட மூலை. இரண்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டிலும் ஒரு ஜோடி. படகு ஊஞ்சல் மாதிரி ஆடும்போது கோடு கொஞ்சம் விலகித் திரும்பச் சேரும், அது சரி. விலகியது திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் நங்கூரம் நடக்கிறது.

கைபேசியில் நங்கூர அலாரம் செயலிகள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் வட்டத்தின் நடுப்புள்ளியை நங்கூரம் தரை தொட்ட இடத்தில் குறிக்க வேண்டும். முழுக் கயிறும் விட்டபின் படகில் உட்கார்ந்து குறித்தால் நடுப்புள்ளி 40 மீட்டர் தள்ளிப்போகும், அலாரம் சும்மாவே கத்தும், நீங்களும் அணைத்துவிட்டுத் தூங்குவீர்கள்.

காலையில் நன்றாகப் பிடித்திருந்தது, மதியம் படகு கரைக்கு வந்துவிட்டது. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்காத படகுக்காரர் இந்தக் கரையில் இருக்க முடியாது. நானும் கேட்டிருக்கிறேன்.

ஒரு மே மாதம், காலை எட்டு மணி, வீராம்பட்டினத்துக்கு வெளியே. மேற்கிலிருந்து கச்சான் வீசிக்கொண்டிருந்தது, கரைப் பக்கமிருந்து வரும் காற்று என்பதால் கடல் தட்டுப் போல் கிடந்தது. டேன்ஃபோர்த்தைப் போட்டு, பதித்து, அடையாளமும் பிடித்துவிட்டுத்தான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். சாப்பிட்டுப் படுத்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். பன்னிரண்டு மணிவாக்கில் காற்று செத்தது. பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறியது. படகு தானாகச் சுழன்று நங்கூரத்தின் மறுபக்கம் போய் நின்றது. நின்றது என்று நான் நினைத்தேன். ஒரு ஃபைபர் படகு பக்கத்தில் வந்து, "தம்பி! ஒன் நங்கூரம் இழுக்குது, கயித்த விடு! கயித்த விடு!" என்று ஒரு பெரியவர் கத்தியபோது பின்னால் அலை உடையும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கயிற்றை விட்டேன், பிடிக்கவில்லை. எஞ்சினைக் கிளப்பி வெளியே ஓடினேன். மேலே எடுத்துப் பார்த்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவே சங்கிலி ஒரு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. மண்ணைத் தொடவே முடியாத நிலையில் அது கடல்தரையில் சறுக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

கோடையில் இது நாள்தோறும் நடக்கும் மாற்றம். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு, மதியம் கடலிலிருந்து கரைக்கு. ஏறக்குறைய நேர் எதிர்த்திசை. இதனால் இரண்டு ஆபத்து சேர்ந்தே வருகிறது. ஒன்று நான் சொன்னது, நங்கூரம் புரண்டு மறுபடி புதையாமல் போவது. இரண்டாவதை யாரும் கணக்குப் போடுவதில்லை. நங்கூரம் அசையாமல் பிடித்திருந்தாலும் நீங்கள் கரைக்கு நெருங்கிவிடுவீர்கள். 42 மீட்டர் கயிறு, 6 மீட்டர் படகு: காலையில் படகின் பின்முனை நங்கூரத்துக்குக் கடல் பக்கம் 48 மீட்டர் தள்ளி இருக்கும், மதியம் கரைப் பக்கம் 48 மீட்டர். மொத்தம் 96 மீட்டர் நகர்ந்திருக்கிறீர்கள். காலையில் உடையும் அலைக்கு 150 மீட்டர் தள்ளி நின்றவர் மதியம் 54 மீட்டரில் நிற்பார், ஆழமும் குறைந்திருக்கும்.

ஆகவே காலையில் இடம் பார்க்கும்போதே, நங்கூரம் விழும் இடத்திலிருந்து கரைப் பக்கம் அளந்து பாருங்கள். காற்று செத்துக் கடல் கண்ணாடி மாதிரி ஆனால் அதை ஓய்வு நேரம் என்று எடுத்துக்கொள்ளாமல் எழுந்து உட்காருங்கள். கடற்காற்று நிலைத்ததும் நங்கூரத்தை மறுபடி இழுத்துப் பதியுங்கள், அல்லது எடுத்துப் புதிதாகப் போடுங்கள். பத்து நிமிட வேலை. அன்று கத்திய பெரியவரிடம் பிறகு கரையில் பேசினேன். "கடக்காத்து ஏறுறப்ப எவனாச்சும் தூங்குவானா?" என்று மட்டும் கேட்டார்.

இழுபடுவது தெரிந்துவிட்டது. உடனே என்ன செய்ய?

பின்னால் இடம் இருந்தால் கயிற்றை விடுங்கள், பாதி நேரம் அதிலேயே பிடித்துக்கொள்ளும். ஒரேயடியாக விட்டு உதறாமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். இரண்டு தடவை முயன்றும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் வாதம் வேண்டாம், எஞ்சினைக் கிளப்பி எடுத்துவிட்டு வேறு இடத்தில் போடுங்கள். பின்னால் அலை உடைகிறது, எடுக்கவும் நேரமில்லை என்றால் மறுமுனையில் ஒரு மிதவையைக் கட்டி, கயிற்றை விட்டுவிட்டுப் போங்கள். கயிறும் நங்கூரமும் நாளைக்குக் கிடைக்கும். அதனால்தான் கத்தியும் மிதவையும் அணியத்திலேயே இருக்க வேண்டும், கீழே பெட்டிக்குள் அல்ல.

பாரில் சிக்கிக்கொண்டால்?

முன்னாலேயே யோசித்தவருக்கு வழி உண்டு. சங்கிலியை நங்கூரத்தின் காம்பு வளையத்தில் மாட்டாமல், தகடு இருக்கும் அடிப்பகுதியில் மாட்டி, காம்போடு கொண்டுவந்து வளையத்தில் சன்னத் தூண்டில் நரம்பாலோ சணலாலோ கட்டிவிடுங்கள். சாதாரண இழுப்புக்குக் கட்டுத் தாங்கும். சிக்கினால் நேர் மேலே வந்து பலமாக இழுக்க, கட்டு அறுந்து நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். ஆள் இல்லாமல் படகை இப்படி விட்டுப் போகாதீர்கள், காற்று எகிறினால் கட்டு நீங்கள் கேட்காமலே அறுந்துவிடும்.

முன்னால் யோசிக்காதவர், போட்ட திசைக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் இழுத்துப் பார்க்கலாம்.

பின்பக்கம் கட்டி நிறுத்தலாமா? எஞ்சின் அங்கேதானே, வசதி.

கூடாது. பின்பக்கம் தட்டையாக, தாழ்வாக, எஞ்சின் எடையோடு இருக்கும். அலை நேராக உள்ளே ஏறும். எப்போதும் அணியத்தில்தான்.

உப்பனாற்றுக்குள் நிற்கும்போது?

ஆற்றில் அலைத் தொல்லை இல்லை, நீரோட்டம் இரண்டு பக்கமும் மாறும். இடமும் குறுகல், ஏழு மடங்கு விட்டுச் சுற்ற முடியாது. ஓட்டம் வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று என இரண்டு நங்கூரம் போட்டு, இரண்டையும் அணியத்திலேயே கட்டினால் படகு அதே இடத்தில் நின்று திரும்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளெல்லாம் உள்ளே வந்துவிடும், அப்போது நங்கூரம் போட இடம் தேடுவதைவிட யாரிடமாவது கேட்டு அவர்கள் படகோடு கட்டிக்கொள்வது மேல்.

மழைக்காலத்தில் ஆறு என்றால் பத்திரம் என்று நம்ப வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படி வெள்ளம் வரும்போது மரமும் ஆகாயத்தாமரையும் கூடவே வந்து கயிற்றில் அடையும். எந்த நங்கூரமும் அதைத் தாங்காது.

இரவில் விளக்கு கட்டாயமா?

சர்வதேசக் கடல் விதிப்படி நங்கூரத்தில் நிற்கும் படகு எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று காட்ட வேண்டும், பகலில் கருப்புப் பந்து. 7 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு, மற்றவர்கள் போய்வரும் பாதையில் இல்லாவிட்டால், விலக்கு உண்டு. நம் கரையில் அந்த விலக்கை மறந்துவிடுங்கள். விடியுமுன்னே ஃபைபர் படகுகள் முழு வேகத்தில் வெளியே போகும். அவர்களுக்கு எல்லா இடமும் பாதைதான்.

புயல் வருகிறது என்றால் எத்தனை நங்கூரம் போடலாம்?

ஒன்றும் போடாதீர்கள். படகைக் கரையேற்றுங்கள்.

1761 ஜனவரி 1. புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பற்படையைப் புயல் பிடித்தது. கப்பலுக்குக் கப்பல் டன் கணக்கில் நங்கூரம், கை கனத்துக்குக் கயிறு, காலமெல்லாம் கடலில் கிடந்த மாலுமிகள். அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடித் தப்பியது. மூன்று கப்பல்கள் மூழ்கின, மூன்று கரையில் மோதின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கு முன் 1749 ஏப்ரலில் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு எதிரே, செயின்ட் டேவிட் கோட்டைப் பக்கம், நமூர் என்ற பெரிய போர்க்கப்பல் இதேபோல் போனது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இதே இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரை கடந்தது.

வாடைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்தே அடிக்கும். அந்த மாதங்களில் திறந்த கடலில் இரவு நங்கூரத்தில் நிற்பது எனக்கு ஒத்துவராது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் எண் ஏறும்போதே டிராக்டருக்கும் ஆளுக்கும் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

எடுக்கும்போது முதுகு போகிறதே?

கையால் படகை இழுக்காதீர்கள். எஞ்சினிலோ பாயிலோ மெதுவாக முன்னே போய், தொய்கிற கயிற்றை மட்டும் வாரி எடுங்கள். நேர் மேலே வந்ததும் கட்டையில் இறுக்கிக் கட்டிவிட்டுச் சும்மா இருங்கள். அடுத்த அலை படகைத் தூக்கும், படகு நங்கூரத்தைத் தூக்கும். மூன்று நாலு அலையில் கழன்றுவிடும்.

சேற்றில் கிடந்தது என்றால் தளத்தில் ஏற்றுவதற்கு முன்னால் தண்ணீரில் நாலு தடவை முக்கி எடுங்கள், சங்கிலியை ஒரு பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். உப்பனாற்றுக் கருப்புச் சேறு வெள்ளைத் தளத்தில் காய்ந்தால் எந்த சோப்புக்கும் மசியாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, கயிற்றை நிழலில் காயப்போட்டு, ஷாக்கிள் கம்பியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வையுங்கள்.